எவ்வளவு இறக்கினீர்கள் என்று கேட்பவர்களுக்கு

என் ஸ்விஃப்டில் காயிலோவர், அதாவது உயரத்தையும் இறுக்கத்தையும் திருகி மாற்றிக்கொள்ளும் ஸ்பிரிங்-ஷாக் செட், போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் கார்ப் பைத்தியங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு இறக்கினீங்க?" முன்னால் 15 மில்லிமீட்டர், பின்னால் 10 என்பேன். முகம் வாடிவிடும். சிலர் குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்த்து, "அப்படியேதானே இருக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். இவ்வளவு செலவு செய்து, போர்டிகோவில் உருண்டு புரண்டு, கடைசியில் வண்டி ஷோரூமில் இருந்து வந்த மாதிரியே நிற்கிறதென்றால் எதற்கு இந்தப் பாடு என்பது அவர்கள் நியாயம்.

என் கணக்கு வேறு. மாற்றியமைக்கக்கூடிய சஸ்பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது உயரத்தில். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு வண்டியில், நம் ஊர்ச் சாலையில், மிகக் குறைந்த பயன் தருவதும் அந்த உயரம்தான். நான் வாங்கியது இரண்டு விஷயங்களுக்காக: முன் சக்கரத்தின் சாய்வை என் விருப்பப்படி வைக்க வேண்டும், ஷாக்கின் இறுக்கத்தை என் சாலைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள வேண்டும். உயரம் கூடவே வந்த இலவச இணைப்பு.

இதற்கெல்லாம் தொடக்கம் டயர். முன் டயர்கள் இரண்டும் வெளி விளிம்பில் வழவழவென்று தேய்ந்து, நடுவிலும் உள்பக்கத்திலும் பட்டை நன்றாகவே இருந்தது. டயர் கடைக்காரர் அலைன்மென்ட் தப்பு என்றார். பார்த்தால் அலைன்மென்ட் சரியாகவே இருந்தது. தப்பு நான் ஓட்டுகிற இடத்தில். ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் எனக்குப் பிடித்த பாதை. கோவை அருகே செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆர்வலர்களுக்கு டிராக் திறந்துவிடும் நாட்களில் பணம் கட்டிவிட்டுப் போய் ஓட்டுவேன். 2.1 கிலோமீட்டர் சுற்று, 2003இல் திறந்தது, கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருப்பது. இந்த இரண்டு இடமும் முன் டயரின் வெளி விளிம்பைத் தின்றுவிடும்.

ஏன் தின்கிறது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். ஸ்விஃப்டின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது, செவர்லே கேடட் என்ற சிறிய காருக்காக யோசித்த அமைப்பு அது. அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை. மனிதர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல் காரில் இந்த ஸ்ட்ரட் வந்தது. ஷாக் அப்சர்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற தூணாகவும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் புத்திசாலித்தனம். மேலே தனியாக ஒரு கை வேண்டாம்; இடம் மிச்சம், செலவு மிச்சம். அதனால்தான் இன்றைக்கு நம் தெருவில் நிற்கிற சின்னக் கார்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் முன்னால் இதுவே இருக்கிறது. ஆனால் வண்டி வளைவில் சாயும்போது, சுமை முழுவதும் ஏறுகிற வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்ந்துவிடும். டயர் முழு அகலத்தில் நிற்காமல் விளிம்பில் நிற்கும். சக்கரத்தின் மேல்பகுதியை முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால், அதாவது கேம்பரை மைனஸில் வைத்தால், வளைவில் அது நிமிர்ந்து நேராகும். கம்பெனி அதற்கு வழி வைக்கவில்லை. அலைன்மென்ட் கடையில் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம், மட்டும் மாற்ற முடியும்.

சரி, வண்டியை இறக்கிவிட்டால் சாய்வது குறையாதா? குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் இங்கேதான் வில்லங்கம். கீழே லோயர் ஆர்ம் என்று ஒன்று இருக்கிறது. வண்டி கம்பெனி உயரத்தில் நிற்கும்போது அதன் சக்கரப் பக்க முனை தாழ்வாகவும் உள்முனை சற்று உயரமாகவும் இருக்கும். சக்கரம் மேலே எழும்பும்போது அந்தச் சரிவினால் சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே தள்ளப்பட்டு, கேம்பர் கொஞ்சமாவது நமக்குச் சாதகமாக மாறும். வண்டியை 40, 50 மில்லிமீட்டர் இறக்கினால் ஆர்ம் படுத்துவிடும், அல்லது எதிர்ப்பக்கம் சரிந்துவிடும். அப்போது சக்கரம் மேலே போகப் போகக் கேம்பர் பாதகமாக மாறும். இன்னொன்றும் நடக்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் அதிகமாகிறது. அதாவது சாய்க்கிற விசைக்கு நீளமான நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. நன்றாக இறக்கிய வண்டி சாயாமல் ஓடுகிறதென்றால், போட்ட கெட்டி ஸ்பிரிங்கினால்தான். உயரம் அதற்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

அப்புறம் நம் வேகத்தடைகள். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு ஒன்று உண்டு: 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கலாம். அப்படி ஒரு வேகத்தடையை எங்கள் பகுதியில் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஊர்க்காரர்கள் மிச்ச ஜல்லியையும் சிமெண்டையும் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பும் கரைகள்தான் எங்கும். என் ஸ்விஃப்டின் தரை இடைவெளி கம்பெனிக் கணக்கில் 170 மில்லிமீட்டர். அதில் 50ஐக் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டால் ஒவ்வொரு கரையிலும் அடிவயிறு உரசும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை மூடி மறைத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவுகளில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. ஷாக் மாற்றுவது இதில் எங்கே வருகிறது என்று வாதாட இடமிருக்கலாம். இன்சூரன்ஸ்காரரிடமும் ஆர்டிஓவிடமும் நடுரோட்டில் நின்று வாதாட எனக்குத் தெம்பு இல்லை. பழைய ஸ்ட்ரட், ஸ்பிரிங், போல்ட், வாஷர் எல்லாம் பெயர் எழுதிக் கட்டிப் பரணில் இருக்கின்றன. தரைக்கு ஒட்டி இறக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்விஃப்ட் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்ற வண்டி என்பதால் ஜப்பான், தைவான் தயாரிப்பு காயிலோவர்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது பெட்ரோலா டீசலா என்று கேட்காமல் ஒருவர் விற்றால் அங்கே வாங்காதீர்கள். டீசல் ஸ்விஃப்ட் கிட்டத்தட்ட 100 கிலோ கூடுதல். அதில் பெரும்பகுதி முன் அச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது 2013 பெட்ரோல். முன்னால் ஸ்பிரிங் கடினம் மில்லிமீட்டருக்கு 5 கிலோ (ஒரு மில்லிமீட்டர் அழுந்த 5 கிலோ எடை வேண்டும்), பின்னால் 3 என்று எடுத்தேன். முன்னால் 6, 7 என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அது சரி.

இனி போர்டிகோ.

வீட்டில் செய்வதற்கு முதல் தடை, தரை. கார் நிறுத்துகிற போர்டிகோ எதுவும் சமமாக இருக்காது. மழைத் தண்ணீர் கேட்டை நோக்கி ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான்கு சக்கரத்தின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து ஒப்பிடப் போகிறவனுக்கு அந்த வாட்டம் எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவலைக் கடன் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், வேறொன்றும் இல்லை. நான்கு டயர்களும் நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டம் பார்த்ததில், கேட் பக்கம் வீட்டுப் பக்கத்தைவிட 38 மில்லிமீட்டர் தாழ்வு. இடது வலதிலும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். தரை ஓட்டில் மிச்சம் விழுந்த துண்டுகளையும் ஒரு பழைய பலகையையும் அடுக்கி நான்கு இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். "லேசர் மெஷினெல்லாம் வேண்டாமுங்க, தண்ணி பொய் சொல்லாது" என்றார் கொத்தனார். அந்தத் துண்டுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே அடுக்கு.

அளப்பதற்குத் தரையில் இருந்து மட்கார்டு வரை டேப் பிடிப்பது வழக்கம். நான் சக்கரத்தின் மையத்தில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கிறேன். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும், பட்டை தேய்ந்தாலும் இந்த அளவு மாறாது. டேங்கில் பாதி பெட்ரோல், டிக்கி காலி, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்குச் சமமாக அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும். மூட்டைக்கு அம்மா சீட் பெல்ட் போட்டுவிட்டுப் போனார்.

தூக்குவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வண்டியோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி அடியில் தலையை விடக் கூடாது. ஒரு டிராலி ஜாக்கி, நான்கு ஜாக்கி ஸ்டாண்டு. பார்க்கிங் டைல்ஸின் அடியில் கலவை சரியாகப் பரவாத இடத்தில் ஸ்டாண்டின் கால் பட்டால் ஓடு பொட்டென்று உடையும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் கெட்டியான பிளைவுட் பலகை போட்டேன். ஸ்டாண்டில் நிறுத்தியதும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதானால் நான் அடியில் இல்லாதபோது விழட்டும்.

முன்பக்க வேலை சொல்வதற்கு எளிது. முந்தின நாளே எல்லா மரையிலும் துரு இளக்கி அடித்து ஊறவிட்டிருந்தேன். பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் இரண்டையும் ஸ்ட்ரட்டில் இருந்து விடுவிக்க வேண்டும். பிறகு, வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கிற லிங்க் ராடு. அதன் நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கிற பால் ஜாயிண்டும் சேர்ந்து சுற்றும். நடுவில் ஆலன் கீயைப் பிடித்துக்கொண்டு வெளியே ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளில் ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கிற இரண்டு பெரிய போல்ட்டுகள் அவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. பிரேக்கர் பாரில் இரும்புக் குழாய் சொருகி நீட்டி, மெதுவாக எடை கொடுத்தால் ஒரு சத்தத்தோடு இளகும். போல்ட்டை உருவுவதற்கு முன் நக்கிளை ஒரு கயிற்றால் மேலே கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸில் தொங்கும். ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்டும் உருவிக்கொண்டு வந்துவிடலாம். மேல் முனையைத் தொட வேண்டுமானால் வைப்பரையும் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடியையும் கழற்ற வேண்டும். அந்த மூடிக்கு அடியில் இருந்த காய்ந்த வேப்பிலை ஒரு முறம் தேறும்.

ஸ்ட்ரட்டின் தலையை வண்டியின் உடம்போடு பிடிக்கிற மேல் மவுண்ட் என் செட்டில் தனியாக வரவில்லை. பழைய ஸ்ட்ரட்டில் இருக்கிற மவுண்டையும் பேரிங்கையும் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிஸ்டன் ராடின் நட்டைக் கழற்ற வேண்டும். வீட்டில் செய்யலாம் என்று கொக்கி மாட்டித் திருகும் கம்ப்ரஸர் ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். நான் தொடமாட்டேன். அழுத்திய ஸ்பிரிங்கில் கிட்டத்தட்ட ஓர் ஆளின் எடையைவிடப் பலமடங்கு விசை அடைந்து கிடக்கிறது. கொக்கி நழுவினால் தாடை போய்விடும். இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி, அப்பாவின் ஸ்கூட்டரில் வைத்து, சுவரில் பதித்த பெரிய கம்ப்ரஸர் இருக்கிற மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் பழைய ஷாக்கின் ராடை அழுத்திப் பார்த்தார். நிதானமாக எழும்பியது.

"ஏனுங்க தம்பி, நல்லா இருக்கற ஷாக்கை எதுக்குங்க கழட்டறீங்க?"

"டயர் ஒரு பக்கமா தேயுதுங்கண்ணா."

"அதுக்கு மெதுவா போனாப் பத்தாதுங்களா?"

பதில் இல்லாத கேள்வி. ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தார். பேரிங் கரகரக்கிறது, இத்தோடு புதிதாகவே போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். போட்டேன்.

இப்போது எல்லாரும் குழம்புகிற இடத்துக்கு வருவோம். காயிலோவரின் உடம்பு முழுக்க மரை. அதில் ஸ்பிரிங்கின் தட்டைத் தாங்குகிற வளையம் ஒன்று. அது நகராமல் பூட்டுகிற வளையம் இன்னொன்று. வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் அழுந்துகிறது. அழுந்திய ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். கெட்டியாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ ஸ்பிரிங். அந்த மூலையில் வண்டியின் எடை சுமார் 250 கிலோ. வண்டியை இறக்கி வைத்தால் ஸ்பிரிங் 50 மில்லிமீட்டர் அழுந்தும். நான் மேசையிலேயே 10 மில்லிமீட்டர் அழுத்தி மாட்டினால், வண்டி ஏறிய பின் இன்னும் 40 அழுந்தும். மொத்தம் அதே 50. ஸ்பிரிங்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வண்டிதான் 10 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், ஷாக்கின் ராடு அந்த அளவுக்கு வெளியே நீண்டு நிற்கும்.

இந்த ராடு எங்கே நிற்கிறது என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம். சக்கரம் குழியில் இறங்க ராடு வெளியே நீள இடம் வேண்டும். மேட்டில் ஏற உள்ளே போக இடம் வேண்டும். வளையத்தை வைத்தே உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் இந்த இரண்டில் ஒன்று பறிபோகும். அதிகமாக ஏற்றிவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ராடு முழுக்க நீண்டு டொக்கென்று இடிக்கும். நல்ல செட்டுகளில் கீழே இருக்கிற பிராக்கெட்டும் தனியாக மரையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங் வளையத்தைக் கைக்குத் தளர்வு போகும் வரை திருகி, அதற்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கொடுத்துப் பூட்டிவிட வேண்டும். உயரத்தைக் கீழ்ப் பிராக்கெட்டில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற மரையின் நீளத்தை வெர்னியரில் அளந்து சுவர் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பின்பக்கம் வேறு கதை. ஸ்விஃப்டின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற ஒற்றை உத்திரம். ஸ்பிரிங் ஒரு இடத்திலும் ஷாக் ஒரு இடத்திலும் தனித்தனியாக இருக்கும். பீமை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவி, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். புதிய ஸ்பிரிங்கின் அடியில் உயரம் மாற்றும் வளையம் வருகிறது. இங்கே கேம்பர், டோ எதையும் தொட முடியாது. முன்பக்கத்தில் மல்லுக்கட்டியவனுக்கு இது ஓய்வு நேரம். ஒரே ஒரு விஷயம்: ரப்பர் புஷ் இருக்கிற போல்ட் எதையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் டார்க் ரென்ச்சை எடுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் நான் எண் தரப் போவதில்லை.

புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும். அதற்கு முன் அலைன்மென்ட் செய்தால் காசு வீண். பொறுத்திருந்து, அதே ஓட்டுத் துண்டுகளின் மேல் நிறுத்தி மறுபடி அளந்து, வலது முன்பக்கம் மட்டும் 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்ததைச் சரி செய்துவிட்டு, அலைன்மென்ட் கடைக்குப் போனேன்.

கேம்பரை மாற்றுவது கீழ் பிராக்கெட்டின் மேல் துளையில். அது வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். போல்ட்டை இளக்கி, சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். கேம்பர் மாறினால் டோவும் தானாக மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம்: முதலில் உயரம், அடுத்தது கேம்பர், கடைசியில் டோ. மைனஸ் 1.5 டிகிரி கேட்டேன். திரையில் கேம்பர் கட்டம் இரண்டும் சிவப்பாக எரிந்தன.

"சார், வண்டி எங்கயாவது அடிபட்டுச்சுங்களா?"

"இல்ல, அப்படித்தான் வேணும்."

"கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதுங்களே."

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவப்பாக இருந்தால் போதும் என்று அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. டோவைப் பூஜ்யத்தில் வைத்தோம். மைனஸ் கேம்பர் உள்பக்க டயரைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஒன்றரை டிகிரியில் டோ சரியாக இருந்தால் அவ்வளவு தின்னாது. டயரைச் சீக்கிரம் அழிப்பது பெரும்பாலும் தவறான டோதான், பழி கேம்பர் மேல் விழுகிறது. எனக்கு இப்போது பட்டையின் ஆழம் அளக்கும் டெப்த் கேஜில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஓடுகின்றன. நேராக மட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் இந்த ஒன்றரையை வைத்தால் உள்பக்கம் கட்டாயம் முந்திக்கொள்ளும். அவருக்கு இது வேண்டாம்.

கடைசியாக இறுக்கத் திருகு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாகம். ஷாக்கின் தலையில் ஒரு சின்ன திருகு, என்னுடையதில் 16 படிகள். வலஞ்சுழியாக முட்டும் வரை திருப்பினால் முழு இறுக்கம். அங்கிருந்து எண்ணிக்கொண்டே பின்னால் வர வேண்டும். பெரும்பாலும் இது மாற்றுவது, அழுந்திய ஸ்பிரிங் திரும்ப விரிகிற வேகத்தை.

வாங்கியவுடன் எல்லாரும் முழு இறுக்கத்தில் வைக்கிறார்கள். பணம் கொடுத்தது தெரிய வேண்டுமே. முழு இறுக்கத்தில் என்ன ஆகும் என்று பார்க்க நல்ல இடம், நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு முன் வரிசையாகப் போட்டிருக்கிற தடித்த வெள்ளைப் பட்டைகள். முதல் பட்டையில் ஸ்பிரிங் அழுந்துகிறது. விரிவதற்குள் அடுத்தது. இன்னும் அழுந்துகிறது. ஐந்தாறு பட்டைக்குள் வண்டி படிப்படியாகக் கீழே இறங்கி, ராடு முழுக்க உள்ளே போய் இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லாத மாதிரிதான். ஸ்டியரிங் கையில் அதிரும். "நல்ல ஸ்டிஃப்பா இருக்கு மச்சி" என்று நண்பர்கள் பாராட்டுகிற உணர்வு பாதி நேரம் இந்த ரப்பர்தான்.

நான் முழுத் தளர்வில் தொடங்கி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், இரண்டிரண்டு படியாக ஏற்றினேன். தளர்வில் வேகத்தடையைத் தாண்டியதும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடி அடங்கும். ஏற்ற ஏற்ற ஆட்டம் குறைந்து, ஓரிடத்தில் ஒரே எழும்பலில் நிற்கும். அங்கே நிறுத்தி, வெள்ளைப் பட்டைகளின் மேல் ஓட்டி, இறங்கி உட்காரவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். முன் ஷாக்கில் முழு இறுக்கத்தில் இருந்து 9 படி தளர்வு, பின் ஷாக்கில் 11. டிராக்குக்குப் போகும்போது முன்னால் 5. கொண்டை ஊசிகளில் இப்போது தெரிகிற வித்தியாசம் வேகம் இல்லை. திருப்பியவுடன் வண்டி ஒரு முறை சாய்ந்து அங்கேயே நிற்கிறது. முன்பு போல நடுவளைவில் இன்னொரு முறை குழைவதில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சி முனையில் நிறுத்தி முன் டயரைத் தொட்டுப் பார்த்தால் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூடு.

பராமரிப்பு என்று பார்த்தால் மரைதான் தொல்லை. அலுமினிய வளையம், இரும்பு உடம்பு, நடுவில் மழைக்காலச் செம்மண். ஒரு வருடம் தொடாமல் விட்டால் வளையம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கொக்கி ஸ்பேனரை எவ்வளவு இழுத்தாலும் காது உடையுமே தவிரத் திரும்பாது. கிரீஸ் தடவாதீர்கள், மண்ணைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பின் மெழுகு வகை ஸ்பிரே அடித்து, வெளியே தெரிகிற மரையின் மேல் கிழித்த சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். டியூப் வாங்கப் போனபோது சைக்கிள் கடைக்காரர் எந்த சைஸ் என்று கேட்டார். காரின் ஷாக்குக்கு என்றேன். இருப்பதில் பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் காசு வாங்கவில்லை.